கைகோத்து நிற்கும் செல்கள்

செல்கள் நம் உடலாகிய கட்டடத்தின் செங்கற்கள் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். நல்ல உவமைதான். ஆனால் செங்கற்களை அடுக்கிவிட்டால் மட்டும் சுவர் ஆகிவிடுமா? இடையில் சாந்து பூசாத சுவரை எந்தக் கொத்தனாரும் சுவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். பாடநூற் படத்தில் ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குளித்துவிட்டுத் துண்டால் உடம்பை அழுத்தித் துவட்டுகிறீர்கள். தோல் உரிந்து வருவதில்லை. முறுக்கைக் கடித்து நொறுக்குகிறீர்கள். அதன் கூரான துண்டுகள் கன்னத்தின் உட்புறத்தில் உராய்கின்றன. அங்கும் ஒன்றும் கிழிவதில்லை. இரைப்பை வேளைக்கு வேளை உணவைப் புரட்டிப் பிசைகிறது; அதன் உட்பூச்சு கலைவதில்லை. தோலின் மேற்பரப்பு, வாய், உணவுக் குழாய், இரைப்பை, குடல், மூச்சுக்குழல், சிறுநீர்ப்பை ஆகிய எல்லாவற்றையும் விரிப்புப் போல மூடியிருக்கும் திசுவுக்கு எபிதீலியம் என்று பெயர். எலும்பிலும் குருத்தெலும்பிலும் செல்களைச் சுற்றிக் கெட்டியான பொருள் நிறைந்திருக்கிறது. செல்கள் அதில் பதிந்து கிடக்கின்றன. எபிதீலியத்துக்கு அந்த வசதி இல்லை. அங்கே செல்லும் செல்லும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்காக்கினால் அதில் 20 அல்லது 30 பங்கு, அவ்வளவுதான் பல இடங்களில் இரண்டு செல்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளி. எனவே இந்த விரிப்பு கிழியாமல் இருக்க வேண்டுமானால் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாக வேண்டும்.

அப்படியானால் இடையே ஏதோ பசை இருக்கிறது என்றுதானே தோன்றும்? பல காலம் அறிவியலாரும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் சற்றுச் சிந்தித்தால் பசை என்பது பொருந்தாது என்று தெரியும். நம் சிறுகுடலின் உட்பூச்சு நான்கைந்து நாள்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. பழைய செல் உதிரும்; உதிரும்போதே அக்கம்பக்கத்துச் செல்கள் அதன் அடியில் நெருங்கி வந்து இடத்தை அடைத்துவிடும்; ஒரு நொடியும் ஓட்டை விழக் கூடாது. முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் காயத்தின் ஓரத்துச் செல்கள் பிடியைத் தளர்த்தி நகர்ந்து வந்து புண்ணை மூடுகின்றன. காய்ந்து இறுகிவிட்ட பசையால் இதெல்லாம் ஆகுமா? செல்லுக்கு வேண்டியது பசையன்று, கை. இறுகப் பற்றவும் வேண்டும், வேளை வரும்போது விடவும் வேண்டும்.

சலித்தெடுத்த கடற்பஞ்சு

இந்தக் கை இருக்கிறது என்பதற்கு முதல் சான்று எளிய கடல் உயிரி ஒன்றிலிருந்து கிடைத்தது. 1907ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில் எச். வி. வில்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சைச் சிறுசிறு துண்டுகளாக்கி, நெருக்கமாக நெய்த பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். நம் வீட்டில் தேங்காய்ப்பால் பிழிவது போலத்தான். துணி வழியே தனித்தனிச் செல்களாகக் கடல்நீரில் இறங்கிய கடற்பஞ்சு அத்துடன் அழிந்துவிடவில்லை. செல்கள் தட்டுத்தடுமாறி ஊர்ந்தன, ஒன்றையொன்று தொட்டன, திரண்டன, சில நாள்களில் அத்திரள்கள் மீண்டும் கடற்பஞ்சாக வளரத் தொடங்கின.

1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் தவளை போன்ற நீர்நில வாழ்வனவற்றின் கருக்களை எடுத்துக்கொண்டார்கள். தோலாக வேண்டிய செல்களையும் நரம்பாக வேண்டிய செல்களையும் தனித்தனியாகப் பிரித்து, பிறகு ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். அரிசியையும் உளுந்தையும் கலந்து வைத்தால் அவை தாமே பிரிந்து நிற்குமா? இந்தச் செல்கள் பிரிந்து நின்றன! தோல் செல்கள் வெளியே ஒதுங்கி உறைபோல் சூழ்ந்துகொண்டன. நரம்புச் செல்கள் உள்ளே கூடின. ஆக, செல்லின் பிடி கண்டதை எல்லாம் ஒட்டும் பிடியன்று. தன் இனம் எது என்று தெரிந்து பிடிக்கும் பிடி.

ஆனால் அந்தப் பிடி எந்தப் பொருளால் ஆனது என்பது மட்டும் அகப்படாமலே இருந்தது.

ஒரு குப்பிக் கரைசல் தந்த துப்பு

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசடோஷி டகேயிச்சி 1970களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். அவருடைய வேலை எளிதானது: திசுவை டிரிப்சினில் ஊற வைத்துச் செல்களைப் பிரிப்பது, பின் அவை மீண்டும் எவ்வாறு ஒட்டுகின்றன என்று பார்ப்பது. டிரிப்சின் உங்களுக்குப் பழக்கமான பெயர்தான். கணையநீரில் புரதத்தைச் செரிக்கும் நொதி. கியோட்டோவில் இதே சோதனையைச் செய்தபோது பிரிந்த செல்கள் சிறிது நேரத்தில் கூடிவிட்டன. பால்டிமோரிலோ அவை ஒட்டவே மறுத்தன.

இத்தகைய தருணத்தில் பலர் சலித்துக்கொண்டு, வழிக்கு வந்த சோதனையை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். டகேயிச்சி இரு கூடங்களின் கரைசல்களையும் ஒப்பிட்டார். பால்டிமோரின் டிரிப்சின் கரைசலில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. கால்சியத்தைக் கவ்வி எடுத்துவிடுவது அதன் குணம். அவர் பயன்படுத்திய கியோட்டோக் கரைசலில் அது கிடையாது.

இதிலிருந்து அவர் கண்ட முடிவைக் கவனியுங்கள். செல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒரு புரதம் இருக்கிறது. கால்சியம் இருக்கும் வரை டிரிப்சினால் அதைத் தொட முடிவதில்லை. கால்சியத்தை அகற்றிவிட்டால் அந்தப் புரதத்தை டிரிப்சின் வெட்டித் தின்றுவிடுகிறது. செல் கையிழந்து நிற்கிறது. 1977இல் இதை வெளியிட்டார். 1984இல் அந்தப் புரதத்துக்குக் கேட்ஹெரின் என்று பெயரிட்டார். கால்சியம், ஒட்டுதல் என்ற பொருள் தரும் இரு சொற்களின் இணைப்பு அது. அந்த ஆண்டுகளில் பாரிஸில் பிரான்சுவா ஜாக்கோபின் ஆய்வுக்கூடத்தில் ரோல்ஃப் கெம்லர் முதலியோர் சுண்டெலிக் கருவை வைத்து வேறு வழியில் இதே புரதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டுச் செல் நிலையில் திராட்சைக் குலைபோல் தளர்வாக இருக்கும் கரு திடீரென்று இறுகி உருண்டையாகும். அவர்கள் தயாரித்த ஓர் எதிர்ப்பொருளைச் சேர்த்தால் அந்த இறுக்கம் நிகழவில்லை. அந்த எதிர்ப்பொருள் போய் மறித்தது கேட்ஹெரினைத்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று. நீங்களும் நானும் அப்படி ஓர் இறுக்கத்தைக் கடந்து வந்தவர்கள்தாம்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று 1987இல் வந்தது. ஒன்றையொன்று பற்றாமல் தனித்தனியே திரியும் ஒருவகைச் சுண்டெலிச் செல்களுக்குள் டகேயிச்சியின் குழுவினர் கேட்ஹெரின் மரபணுவைப் புகுத்தினார்கள். அதுவரை நாடோடிகளாய்த் திரிந்த அந்தச் செல்கள் நெருக்கமாகக் கைகோத்து நின்றன.

கேட்ஹெரின் ஒன்றன்று, பெருங்குடும்பம். எபிதீலியச் செல்களில் இருப்பது ஈ-கேட்ஹெரின். நரம்புச் செல்களில் இருப்பது என்-கேட்ஹெரின். ஈ-யை ஈ-யே பற்றும், என்-ஐ என்-னே நாடும். தோலும் நரம்பும் தாமே பிரிந்து நின்ற விந்தைக்கு விளக்கம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கருவில் முதுகுப்புறத்துச் செல்களின் ஒரு பட்டை உட்குழிந்து நரம்புக் குழாயாக மாறும்போது, அச்செல்கள் ஈ-கேட்ஹெரின் செய்வதை நிறுத்திவிட்டு என்-கேட்ஹெரின் செய்யத் தொடங்குகின்றன. தோலிலிருந்து விடுபட்டு உள்ளே செல்கின்றன.

கையின் அமைப்பு

கேட்ஹெரினின் வெளிப்பகுதி ஐந்து மணிகளைக் கோத்த சரம் போன்றது. மணிக்கும் மணிக்கும் நடுவே கால்சியம் அயனிகள் மும்மூன்றாக அமர்ந்திருக்கின்றன. அவை இருந்தால் சரம் விறைப்பாக நீட்டி நிற்கும்; இல்லாவிட்டால் துவண்டுவிடும். எதிர்ச் செல்லிலிருந்தும் இதே போன்ற சரம் நீட்டி வருகிறது. இரண்டின் நுனி மணிகளும் சந்திக்கும்போது ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை மற்றதன் குழிக்குள் செருகிக்கொள்கிறது. என் விரல் உன் கையில், உன் விரல் என் கையில் என்பது போல.

ஒற்றைப் பிடி வலுவற்றதுதான். வயல் வரப்பில் நடந்து வந்தபின் வேட்டிக் கரையிலும் பாவாடை விளிம்பிலும் ஒட்டியிருக்கும் நாயுருவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முள்ளை எடுப்பது எளிது. நூறு முள் சேர்ந்துவிட்டால் துணியே சுருண்டுகொள்ளும். செல்லின் ஓரத்தில் கேட்ஹெரின்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன.

கை மட்டும் வலுவாக இருந்து தோள் கழன்றுகொண்டால் என்ன பயன்? கேட்ஹெரினின் வால் செல்சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கி, கேட்டினின் என்ற இணைப்புப் புரதங்களின் வழியாக, செல்லுக்குள் ஓடும் ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. இதனால் ஒரு செல்லை இழுத்தால் அந்த இழுவிசை விரிப்பு முழுவதும் பகிரப்படுகிறது.

1963இல் ஃபார்குவாரும் பலேடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எபிதீலியத்தைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு இடையே மேலிருந்து கீழாக மூன்று வகைப் பிணைப்புகள் இருப்பதை வரிசைப்படுத்தினார்கள். உச்சியில் இருப்பது நீர் கசியாமல் மூடும் பிணைப்பு. அதிலுள்ள கிளாடின் என்ற புரதத்தை 1998இல் அதே கியோட்டோ நகரில் ட்சுகிதா குழுவினர் கண்டறிந்தார்கள். அதன் கீழே நாம் இதுவரை பேசிய கேட்ஹெரின் பட்டை. மூன்றாவது டெஸ்மோசோம். சட்டைக்குப் பித்தான் வைத்ததுபோல் அங்கங்கே புள்ளி புள்ளியாக இருக்கும். தோல், இதயத்தசை போன்று அதிக இழுப்பும் உரசலும் உள்ள இடங்களில் இவை ஏராளம். டெஸ்மோசோமின் கைகளும் கேட்ஹெரின் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்; அவற்றுள் முக்கியமானது டெஸ்மோகிளின். இது உள்ளே ஆக்டினோடு அன்றி, நகத்திலும் மயிரிலும் இருக்கிறதே, அந்தக் கெரட்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது.

பித்தான் அறுந்தால்

இப்போது அந்தப் பித்தான்கள் அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பெம்பிகஸ் என்றொரு நோய் உண்டு. பெரும்பாலும் வாயில் தொடங்கும். ஆறாத புண்கள், காரம் பட்டால் எரிச்சல், பல் துலக்கவும் முடியாது. பிறகு உடம்பில் தளதளவென்று நீர்க் கொப்புளங்கள் எழும்பி உடைந்து, வெந்ததுபோல் செந்நிறப் புண்ணாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகோல்ஸ்கி என்ற ருஷ்ய மருத்துவர் ஓர் அடையாளம் கண்டார்: கொப்புளம் இல்லாத தோலையும் விரலால் அழுத்தித் தேய்த்தால் மேலடுக்கு வழுக்கிக்கொண்டு போகும். 1950களில் ஸ்டீராய்டு மருந்துகள் புழக்கத்துக்கு வரும் முன்னர் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நீரும் புரதமும் கசிந்து போவதாலும், திறந்த புண்ணில் கிருமி புகுவதாலும் இறந்தார்கள்.

1947இல் பாரிஸில் சாங்க் என்ற மருத்துவர் கொப்புளத்தின் அடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். தட்டையாக, பல கோணங்களோடு நெருங்கி நிற்க வேண்டிய செல்கள் உருண்டை உருண்டையாகத் தனித்தனியே மிதந்தன. செல்கள் சாகவில்லை. கைவிட்டிருந்தன, அவ்வளவுதான்.

ஏன் கைவிட்டன? 1964இல் அமெரிக்காவில் பியூட்னர், ஜோர்டன் என்ற இருவர் நோயாளிகளின் இரத்தத் தெளிநீரில் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். கிருமிகளைத் தாக்குவதற்காக உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் சொந்தத் தோல் செல்களின் எல்லைக் கோடுகளில் போய் அமர்ந்திருந்தது. பாடநூற் படத்தில் நாம் பார்த்த அந்தக் கோட்டிலேதான்! 1982இல் இந்த எதிர்ப்பொருளைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் கொப்புளம் வந்தது. ஆகவே அது வேடிக்கை பார்க்க வந்ததன்று, குற்றவாளியே அதுதான் என்று உறுதியாயிற்று. 1991இல் அமகாய், ஸ்டான்லி ஆகியோர் தாக்கப்படும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது கேட்ஹெரின் குடும்பத்தின் ஓர் உறுப்பினர். இன்று டெஸ்மோகிளின்-3 என்கிறோம்.

வாயில் முதலில் புண் வருவதேன் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. தோலில் டெஸ்மோகிளின்-1, டெஸ்மோகிளின்-3 என இரண்டும் உண்டு. மூன்றாம் எண் பழுதானால் முதல் எண் ஓரளவு தாங்கிக்கொள்ளும். வாயின் உட்பூச்சோ பெரும்பாலும் மூன்றாம் எண்ணையே நம்பியிருக்கிறது. எதிர்ப்பொருள் முதல் எண்ணை மட்டும் தாக்கும் இன்னொரு வகைப் பெம்பிகஸில் வாய் தப்பிவிடுகிறது. தோலின் மேலடுக்கு மட்டும் செதில் செதிலாக உரிகிறது. எந்த ஊழியர் விடுப்பு எடுத்தார் என்பதை எந்தப் பிரிவில் வேலை நின்றது என்பதிலிருந்து கண்டுபிடிப்பது போன்றது இது.

இதே டெஸ்மோகிளின்-1-ஐ ஒரு பாக்டீரியமும் குறிவைக்கிறது. கைக்குழந்தைகளுக்குச் சில சமயம் வெந்நீர் கொட்டியதுபோல் தோல் உரிந்து வரும். ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியத்தின் நஞ்சு இதற்குக் காரணம் என்பது முன்னரே தெரியும். அந்த நஞ்சு உண்மையில் ஒரு கத்தரிக்கோல் என்பதும், அது டெஸ்மோகிளின்-1-ஐக் குறிப்பிட்ட ஓரிடத்தில் நறுக்குகிறது என்பதும் 2000இல் தெரிந்தது. வெளியிலிருந்து வந்த கிருமியும், உள்ளிருந்து தடுமாறிய எதிர்ப்பொருளும் ஒரே பித்தானை அறுக்கின்றன!

நம் நாட்டில் பெம்பிகஸ் அவ்வளவு அரிதான நோயன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்குவதால் வரும் கொப்புள நோய்களில் இங்கு மிகுதியாகக் காணப்படுவது இதுவே. கொப்புளம் என்றாலே அக்கி என்று காவி பூசிக் காத்திருப்பது நம் ஊர்களில் வழக்கம். அவ்வாறு காத்திருக்கும் வாரங்கள் இந்நோயில் விலைமதிப்பற்றவை. இன்னொன்று: இது தொற்றுநோய் அன்று. நோயாளியின் தட்டையும் பாயையும் ஒதுக்கி வைப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

மருத்துவத்தில் நம்மவர் பங்கும் உண்டு. புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார். ஸ்டீராய்டை நாள்தோறும் விழுங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று நாள், பெரிய அளவில் சிரை வழியே செலுத்தி, அதனுடன் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தையும் சேர்ப்பது அம்முறை. இந்தியத் தோல் மருத்துவர்கள் பல்லாண்டுகள் இதைக் கையாண்டார்கள். எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் செல்களின் மூதாதையரையே அகற்றும் ரிடக்ஸிமாப் என்ற மருந்துக்கு, இந்நோய்க்கென 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்று அது இந்தியாவிலும் பயன்படுகிறது.

கைவிட்ட செல் போகும் இடம்

பெம்பிகஸில் கைவிட்ட செல் கொப்புளத்துக்குள் மிதப்பதோடு சரி. கைவிட்ட செல் கட்டுப்பாடின்றிப் பெருகவும் தொடங்கிவிட்டால்?

நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுநோய் வந்தது. முப்பது ஆண்டுகளில் 25 பேர் இறந்தார்கள். மிக இளையவருக்கு வயது 14. அக்குடும்பத்தார் தாமே ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களை நாடினர். பெரியோரும் இளையோரும் ஆய்வுக்கு இரத்தம் தந்தனர். பாரி கில்போர்டு முதலியோர் 1998இல் காரணத்தை வெளியிட்டார்கள்: 16ஆம் குரோமோசோமில் இருக்கும் ஈ-கேட்ஹெரின் மரபணுவில் பிழை.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. இக்குடும்பத்தில் சிலர் ஒரு பழுதான படியோடு பிறக்கிறார்கள். நல்ல படி ஒன்று இருக்கும் வரை கேட்ஹெரின் உற்பத்தியாகும், குறை தெரியாது. என்றோ ஒருநாள் இரைப்பைச் செல் ஒன்றில் அந்த நல்ல படியும் செயலிழந்துவிட்டால் அந்தச் செல்லுக்குக் கை போய்விடும். அது வரிசையை விட்டு நழுவி உட்பூச்சின் அடியில் இறங்கும். அதன் வழித்தோன்றல்களும் அப்படியே. ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாக நின்றால் மருத்துவரின் கண்ணில் படும். இவற்றுக்குத்தான் சேர்ந்து நிற்கக் கையில்லையே! கம்பளத்தின் அடியில் சிதறிய கடுகுபோல் தனித்தனியாகப் பரவுவதால் உள்நோக்கிக் குழாயை விட்டுப் பார்த்தாலும் தப்பிவிடுகின்றன. பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் ஒருவகையும் இப்படித்தான். அங்கும் ஈ-கேட்ஹெரின் இல்லாத செல்கள் எறும்புச் சாரைபோல் ஒற்றை வரிசையில் நுழைந்து செல்வதைக் காணலாம்.

இதைக் கேட்டதும், ஈ-கேட்ஹெரின் போனால் புற்றுநோய் பரவும், இருந்தால் பரவாது என்று எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றும். பல காலம் புத்தகங்களும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்லிவந்தன. கதை அவ்வளவு நேரானதன்று. மற்றொரு வகை மார்பகப் புற்றுநோயைச் சுண்டெலிகளில் ஆராய்ந்தவர்கள் 2019இல் எதிர்மாறான ஒன்றைக் கண்டார்கள். அங்கே ஈ-கேட்ஹெரினை நீக்கியபோது செல்கள் மூலக் கட்டியிலிருந்து எளிதாகக் கழன்றன. ஆனால் பயணத்தில் பெரும்பாலானவை மடிந்தன. புதிய இடத்தில் வேரூன்றவும் முடியவில்லை. கூட்டமாகக் கைகோத்துச் சென்ற செல்களே பிழைத்துப் பரவின. ஆகவே புற்றுநோயாளி எல்லோருக்கும் கேட்ஹெரினை மீட்டுக் கொடுத்தால் போதும் என்று மருத்துவர் எண்ண முடியாது. எந்தத் திசு, எந்த நிலை என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்துக் குடும்பத்தைப் பொறுத்தவரை 1998இன் கண்டுபிடிப்பு வாழ்க்கையையே மாற்றிவிட்டது. பழுதான படி தாயிடமோ தந்தையிடமோ இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரத்தச் சோதனையில் அது இல்லை என்று தெரிந்தவர் மரபுவழி அச்சத்திலிருந்து அன்றே விடுபடுகிறார். இருக்கிறது என்று தெரிந்தவருக்கு நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆயினும் அபாயம் மிகப் பெரியது. எனவே அவர்களில் பலர், நோய்க்குறி எதுவும் இல்லாத நாளிலேயே, இரைப்பை முழுவதையும் அறுவை செய்து எடுத்துவிடச் சம்மதிக்கிறார்கள். உணவுக் குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். பின்னர் வயிறு முட்ட உண்ண இயலாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை உண்ண வேண்டும். வைட்டமின் பி12-ஐ ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு எடுத்த இரைப்பைகளை ஆய்வுக்கூடத்தில் மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தால், நலமாக இருந்தவர்களின் இரைப்பைகளிலும் பெரும்பாலானவற்றில், உட்பூச்சின் அடியே அந்தக் கையில்லாச் செல்கள் சிறுசிறு கூட்டங்களாக ஏற்கெனவே இறங்கியிருப்பது தெரிகிறது.